கடலிலே ஒரு பாய்மரம்

கட்டுகஸ்தோட்டை என்னும் பெயரின் ஈற்றில் நிற்கும் சிங்களச் சொல்லுக்குத் துறை என்பது பொருள். அத்துறையைக் கடந்து செல்லும் மகாவலி கங்கை, மலைநாட்டை விட்டிறங்கிக் காடும் வயலும் தாண்டித் திருகோணமலைக்கு அருகே கொட்டியாரக் குடாவிற் கடலோடு கலக்கின்றது. அக்கடலிலே, இந்து சமுத்திரத்தைக் கடக்கும் சிறு பாய்க்கலங்கள் வந்து தங்கிச் செல்வதுண்டு. ஒருவரோ இருவரோ மாத்திரம் செலுத்தும் அக்கலங்களுக்கு உயிர் போன்றது பாய்மரம். கரை கண்ணுக்கெட்டாத இடத்தில் அது பழுதுபட்டால், பட்டறைக்குச் செல்ல வழியில்லை. செலுத்துபவரே கொல்லராகவும் தச்சராகவும் மாறவேண்டும்.

சங்கப் புலவர்கள் பாய்மரத்தைக் கூம்பு என்றனர். தமிழருக்கு அது புதிய பொருளன்று. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் இரு பாய்மரக் கப்பல், அமெரிக்கரான றொபின்சனால் வாங்கப்பெற்று, புளோரன்ஸ் சி. றொபின்சன் எனப் பெயர் மாற்றப்பெற்றது. அதனைத் தமிழ் மாலுமிகள் செலுத்திச் சென்று, 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தனர். அக்காலத்துப் பாய்மரம் உண்மையிலேயே மரம். அதற்குப் பகை உளுப்பு. நல்ல நீர் தேங்கும் வெடிப்புகளிலேயே உளுப்புத் தொடங்கும் என்பதனை அறிந்து, மாலுமிகள் அவ்விடங்களைக் கண்காணித்து வந்தனர்.

இன்றைய சிறு பாய்க்கலங்களிற் பெரும்பாலானவை அலுமினியக் குழாயையே பாய்மரமாகக் கொண்டுள்ளன. அலுமினியத்தின் எடை, அதே அளவான உருக்கின் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே. உச்சியிற் பாரம் குறைந்தால் கலம் குறைவாகச் சாயும். மேலும், அலுமினியம் காற்றுப்பட்டவுடன் தன்மீது மெல்லிய ஒட்சைட்டுப் படலம் ஒன்றைப் போர்த்திக் கொள்கின்றது. அப்படலமே அதற்குக் கவசம். ஆகவே அது கெடாது என்று பலர் நம்புகின்றனர்.

அந்நம்பிக்கை முழுவதும் சரியன்று. உப்பும் புளியும் சேர்ந்த கறியை அலுமினியச் சட்டியில் இரவு முழுவதும் வைத்துவிட்டால், மறுநாள் அடியிற் புள்ளி புள்ளியாக அரிப்பு விழுந்திருப்பதனை இல்லத்தரசிகள் அறிவர். கடலிலோ இதனினும் பெரிய ஆபத்து உண்டு. பாய்மரத்திற் கம்பிகளையும் கப்பிகளையும் பொருத்தும் ஆணிகள் பெரும்பாலும் துருப்பிடியா உருக்கினால் ஆனவை. இரு வேறு உலோகங்கள் தொட்டு நிற்க, இடையில் உப்புநீர் புகுந்தால், அங்கே ஒரு சிறிய மின்கலம் உண்டாகிவிடுகின்றது. அம்மின்கலத்திற் கரைந்து போவது அலுமினியமே. உருக்கு ஆணி பளபளவென்று இருக்க, அதனைத் தாங்கும் துளை மெல்ல மெல்ல அகன்றுவிடும்.

இந்நோய்க்கு அறிகுறிகள் உண்டு. ஆணியைச் சுற்றி வெண்ணிறத் தூள் கசிதல், பூச்சுக் கொப்புளித்தல், தலைப்பு ஆட்டங்கொள்ளுதல் என்பன அவை. நீண்ட பயணத்தின் முன்னும், ஒவ்வொரு துறையிலும், கயிற்றிற் கட்டிய இருக்கையில் அமர்ந்து உச்சிவரை ஏறிப் பார்த்தல் வேண்டும். குறுக்குத் தண்டுகள் பொருந்தும் இடத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டா, தாங்கு கம்பிகளில் ஓரிழையேனும் அறுந்துள்ளதா, அடிப்பாகத்தில் நீர் வடியும் துளை அடைபட்டுள்ளதா என்று ஆராய்தல் வேண்டும். நன்னீரால் உப்பைக் கழுவுதல் மலிவான மருந்து. ஆணியைக் கழற்றி, மின்னோட்டத்தைத் தடுக்கும் பசையை அதிற் பூசி மீண்டும் முடுக்குதலும், உலோகங்களுக்கிடையே பிளாத்திக்குத் தகடு இடுதலும் நெடுநாள் காக்கும்.

வெடிப்புக் கண்டுவிட்டால், அதன் நுனியிற் சிறு துளையிட்டால் அது மேலும் ஓடுவது தாமதப்படும். அதன்மேல் வளைவிற்கேற்ற அலுமினியத் தகட்டை வைத்துத் தறையாணிகளால் இறுக்கலாம். ஆனால் இது துறைமுகம் சேரும்வரைக்கான கட்டு மாத்திரமே. ஒட்டவைத்துவிடலாமே என எண்ணுதல் தவறு. பாய்மரத்து அலுமினியக் கலவை வெப்பப் பதனிட்டு வலுவூட்டப்பட்டது. ஒட்டுவதற்கான சூடு பட்ட இடத்தில் அவ்வலுவிற் பெரும்பகுதி போய்விடும்.

எத்துணைக் கவனம் இருந்தாலும் புயல் மரத்தை முறிப்பதுண்டு. 2018ஆம் ஆண்டு உலகைச் சுற்றும் தனியாள் பாய்க்கலப் போட்டியில், இந்தியக் கடற்படையைச் சேர்ந்த அபிலாஷ் தொமியின் பாய்மரம் தென் இந்து சமுத்திரத்தில் முறிந்தது. முதுகிற் காயமுற்றுக் கிடந்த அவர் சில நாட்களின்பின் மீட்கப்பட்டார். அதே போட்டியில் நோர்வே நாட்டவரான ஆரே வீக் என்பவரும் பாய்மரத்தை இழந்தார். ஆயினும் தற்காலிக மரமொன்றை எழுப்பிக் கேப்ரவுணுக்குச் சென்றடைந்தார். முறிந்த மரம் கம்பிகளிலே தொங்கி, அலைதோறும் கலத்தின் பக்கத்தை இடித்துத் துளைக்கக்கூடும். ஆகவே இரும்பறுக்கும் வாளும் கம்பி வெட்டும் கருவியும் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். ஆபத்து நீங்கியபின் எஞ்சும் துண்டும் கயிறும் பொன்னுக்கு நிகரானவை.

பெரும்பாலான பழுதுகள் இவ்வாறு இடிபோல் வருவதில்லை. அவை ஓர் ஆணியடியிற் சிட்டிகை வெண்தூளாகத் தொடங்குகின்றன. அத்தூளைத் துறையிலேயே கண்டுகொள்பவர் அரை நாளிலே திருத்திவிடுவார். காணாதவர் நடுக்கடலிலே அதன் விலையைக் கொடுப்பார்.