புயலுக்குப் பின் ரூ.1,100, புயலுக்கு முன் ரூ.3.50: விவசாயிக்கு அரசு மானியம் எங்கே தவறிப்போகிறது?

2018 நவம்பர் 16 அதிகாலை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கமெல்லாம் தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்தன. நெல் போனால் அடுத்த போகத்தில் பார்த்துக்கொள்ளலாம். தென்னை போனால், கன்று வைத்து அது காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும். அதுவரை குடும்பம் எதைச் சாப்பிடுவது?

அரசு நிவாரணம் அறிவித்தது. விழுந்த மரத்துக்கு 600 ரூபாய், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய், ஆக மரத்துக்கு ரூ.1,100. ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் ரூ.1,92,500. கேட்க பெரிய தொகைதான். ஆனால் நன்றாகக் காய்க்கும் மரம் வருஷத்துக்கு எண்பது காய் தரும். காய் பத்து ரூபாய் என்று வைத்தாலே 800 ரூபாய். வெட்டுக்கூலி போக மிஞ்சிய 600 ரூபாய், ஒரு வருஷ வருமானத்துக்குக்கூட காணாது.

இது புயலுக்குப் பின்னால் வந்த பணம். முன்னாலேயே வாங்கி வைத்திருக்கக்கூடிய பாதுகாப்பு ஒன்று அப்போதே நடைமுறையில் இருந்தது. பலருக்கு அது தெரியவே தெரியாது.

மரத்துக்கு மூன்றரை ரூபாய்

அதன் பெயர் தென்னை மரக் காப்பீட்டுத் திட்டம். தென்னை வளர்ச்சி வாரியமும் இந்திய வேளாண் காப்பீட்டு நிறுவனமும் சேர்ந்து நடத்தியது. 16 முதல் 60 வயது வரையுள்ள மரத்துக்கு ஆண்டுப் பிரீமியம் 14 ரூபாய். அதில் பாதியை வாரியம் கட்டும், கால்பங்கை மாநில அரசு கட்டும், விவசாயி கட்ட வேண்டியது மிச்சமுள்ள ரூ.3.50. மரம் போனால் காப்பீட்டுத் தொகை ரூ.1,750. அதைவிட இளைய மரங்களுக்குப் பிரீமியம் 9 ரூபாய், விவசாயி பங்கு ரூ.2.25, காப்பீட்டுத் தொகை ரூ.900.

அதாவது, நூறு பெரிய மரம் உள்ள தோப்புக்கு வருஷத்துக்கு 350 ரூபாய். இவ்வளவு மலிவாக இருந்தும் கஜா வந்தபோது சேர்ந்திருந்தவர்கள் மிகக் குறைவு. இதற்கு விவசாயியின் அலட்சியம்தான் காரணம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் நெல்லுக்கு நடந்ததைப் பார்த்தால் வேறு காரணம் தெரியும். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016இல் வந்தபோது, பயிர்க்கடன் வாங்கியவர்களுக்கு அது கட்டாயம். கடன் கொடுக்கும்போதே பிரீமியத்தைப் பிடித்துக்கொள்வார்கள். யாரும் தனியாக அலைய வேண்டியதில்லை. தென்னைக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. தோப்புக்காரர் தானாகத் தெரிந்துகொண்டு, தானாகப் போய்க் கட்டணும். 2020இல் நெல்லுக்கும் அந்தக் கட்டாயம் எடுக்கப்பட்டுவிட்டது.

நெல்லுக்கு என்ன நிலை?

சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். ஏக்கருக்கு 36,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 540 ரூபாய். மீதிப் பிரீமியம் மத்திய, மாநில அரசுகளின் மானியம். கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் 15. சில வருஷம் நீட்டிப்பார்கள், அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. அதற்குள் ஐப்பசி மழை இறங்கியிருக்கும், கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கக் கூட்டம் நிற்கும்.

பணம் கட்டிய பிறகும் ஒரு சிக்கல். இழப்பீடு தனி வயலைப் பார்த்து வருவதில்லை. அந்தப் பகுதியில் சில வயல்களைத் தேர்ந்தெடுத்து அறுத்துப் பார்த்து, சராசரி மகசூல் குறைந்திருந்தால்தான் வரும். உங்கள் வயல் வாய்க்கால் ஓரத்தில் மூழ்கி, மேட்டு வயல்கள் தப்பித்திருந்தால் கையில் ஒன்றும் இருக்காது. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு மாதிரி சிலவற்றுக்குத் தனி வயல் கணக்கு உண்டு. ஆனால் வெள்ளத்தில் நெல் மூழ்குவதை 2018இல் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். நெல் தண்ணீரில் வளரும் பயிராம்! கழுத்தளவு தண்ணீரில் பத்து நாள் கிடந்த பயிரைப் பார்த்த டெல்டாக்காரர் யாரும் இந்த வாதத்தை ஏற்கமாட்டார். 2026 காரிஃப் பருவம் முதல் இது மீண்டும் சேர்க்கப்படும் என்று 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் அறிவித்தது. தனி வயல் இழப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

பெயர் இல்லாதவர்கள்

பெரிய ஓட்டை குத்தகை நிலத்தில்தான். விதிப்படி குத்தகைதாரரும் வாரத்துக்குப் பயிர் செய்பவரும் காப்பீட்டில் சேரலாம். ஆனால் ஊரில் நிறைய குத்தகை வாய்வார்த்தையில் நடக்கிறது. அடங்கலில் குத்தகைதாரர் பெயர் ஏறினால், நாளைக்கு 1969ஆம் ஆண்டு குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தைக் காட்டி நிலத்தில் உரிமை கேட்டுவிடுவாரோ என்று நில உரிமையாளருக்குப் பயம். அதனால் பெயர் ஏறுவதில்லை. விதை, உரம், உழைப்பு எல்லாம் ஒருவருடையது. வெள்ளம் வந்தால் காகிதத்தில் பெயர் உள்ளவர் வேறொருவர். நிவாரணத்திலும் இதே கதைதான்.

சொந்த நிலம் உள்ளவர்களுக்கும் பட்டா பல சமயம் தாத்தா பெயரிலேயே இருக்கும், இல்லாவிட்டால் கூட்டுப் பட்டாவாக இருக்கும். வறட்சிக்கு முன்னேற்பாடாகக் கிடைக்கும் சொட்டுநீர்ப் பாசன மானியமும் இங்கேதான் நின்றுபோகிறது. சிறு, குறு விவசாயிக்கு அது 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். முழு மானியம் வேண்டுமென்றால் வட்டாட்சியர் தரும் சிறு, குறு விவசாயிச் சான்று வேண்டும். அந்தச் சான்றுக்கு நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பார்கள்.

பணம் செலவாகாத முன்னேற்பாடும் உண்டு. புயல் எச்சரிக்கை வந்ததும் முற்றிய காய்களை இறக்கி, கீழ் மட்டைகளை வெட்டிவிட்டால் தென்னையின் தலைப்பாரம் குறையும். வாழைக்குச் சவுக்குக் கம்பு முட்டு கொடுக்கலாம். மானியம் வேண்டுமென்றால் வேலை ஆடியிலேயே தொடங்க வேண்டும்: வாரிசுச் சான்று வாங்கி, பட்டாவை மாற்றி, சிட்டாவிலும் ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று சரிபார்த்து வைக்கணும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். நவம்பர் 10ஆம் தேதி அதைத் திருத்த இ-சேவை மையத்துக்குப் போனால், அங்கே ஏற்கெனவே பாதி ஊர் நிற்கும்.