கதவடைக்கும் நாள் எது? சம்பளமில்லாத ஆயிரம் பேர் கற்ற பாடம்

ஜொகூர் பாருவில் கோயில் திருப்பணிக் குழுக்களில் இருந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. குடமுழுக்கிற்கு நாள் குறித்தாயிற்று. அழைப்பிதழும் அச்சுக்குப் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து ஒருவர் எழுந்து, "அண்ணே, முன்பக்கம் ஒரு சின்ன மண்டபம் எழுப்பிவிட்டால் நன்றாக இருக்கும். செலவை நானே ஏற்றுக்கொள்கிறேன்" என்பார். எண்ணமும் நல்லது, பணமும் அவருடையது. ஆனாலும் தலைவர், "அடுத்த திருப்பணிக்கு வைத்துக்கொள்வோம், தம்பி. இப்போது சாரம் பிரிக்கிற வேலையைப் பார்ப்போம்" என்று சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் குடமுழுக்கு நாளிலும் கோபுரத்தைச் சுற்றிச் சாரம்தான் நிற்கும்.

கணினி மென்பொருள் உலகிலும் இப்படி ஒரு கட்டம் உண்டு. ஆங்கிலத்தில் 'ஃபிரீஸ்' என்பார்கள். தமிழில் உறைநிலை எனலாம். ஒரு குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு புதிதாக எதையும் சேர்ப்பதில்லை, இருப்பதிலுள்ள பிழைகளை மட்டும் திருத்துவது என்பதே அதன் பொருள். சம்பளம் கொடுக்கும் நிறுவனத்தில் மேலாளர் ஓர் உத்தரவு போட்டால் வேலை முடிந்தது. யாருக்கும் சம்பளம் இல்லாத இடத்தில் அந்த உத்தரவை யார் போடுவது? போட்டால் யார் கேட்பது?

இதற்கு விடை தேட டெபியன் என்ற இயங்குதளத் திட்டத்தைவிடச் சிறந்த இடம் இல்லை.

டெபியன் என்பது என்ன?

விண்டோஸ் போல ஒரு கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்தான் டெபியன். லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. 1993ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள், அமெரிக்க மாணவராக இருந்த இயன் மர்டாக் இதைத் தொடங்கினார். அவர் 2015 டிசம்பரில் காலமானார். திட்டம் இன்றும் நடக்கிறது. உலகின் பல நாடுகளில் இருக்கும் சுமார் ஆயிரம் தன்னார்வலர்கள் இதை நடத்துகிறார்கள். இதற்கு உரிமையாளர் கிடையாது. தலைவரை ஆண்டுதோறும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நமக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்கலாம். நிறையவே உண்டு. பலரும் பயன்படுத்தும் உபுண்டு, டெபியனை அடித்தளமாகக் கொண்டது. இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அப்படியே. டெபியன் ஆர்வலர்களின் ஆண்டு மாநாடு 2023 செப்டம்பரில் கேரளத்தின் கொச்சியில் நடந்தது. மலேசிய அரசாங்கமும் 2004ஆம் ஆண்டிலேயே பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டம் ஒன்றை அறிவித்தது. ஆகவே, டெபியன் வெளிவரும் நாள் தள்ளிப்போனால் அதை நம்பியிருக்கும் பலருடைய வேலையும் தள்ளிப்போகும்.

மூன்று அறைகள்

டெபியன் வீட்டில் மூன்று அறைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் அறைக்குப் பெயர் 'சிட்'. 'டாய் ஸ்டோரி' திரைப்படத்தில் பொம்மைகளை உடைக்கும் பக்கத்து வீட்டுப் பையனின் பெயர் அது. புதிய மென்பொருள் எல்லாம் முதலில் இங்கே வரும்; உடையும், சரியாகும். பெரிய பிழை எதுவும் தென்படாமல் சில நாள் கழிந்தால் இரண்டாவது அறையான சோதனைக் கிளைக்கு அது நகரும். அங்கே பக்குவப்பட்டவை அனைத்தும் ஒன்றாகச் சேர்ந்து, ஒரு நாள் மூன்றாவது அறையான நிலையான பதிப்பாக வெளிவரும். பொதுமக்கள் பயன்படுத்துவது அதைத்தான்.

முதல் அறையிலிருந்து இரண்டாவது அறைக்குச் செல்லும் கதவை மெல்ல மெல்லச் சாத்துவதே உறைநிலை. சாத்தாவிட்டால் என்ன ஆகும்? நூறு பிழைகளைத் திருத்துவதற்குள் நூற்றைம்பது புதிய பிழைகள் உள்ளே வந்துவிடும். 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13இல் 69,830 பொதிகள் இருந்தன. பொதி என்பது தனித்தனியாக நிறுவக்கூடிய ஒரு மென்பொருள் மூட்டை. ஒன்றை மாற்றினால் அதை நம்பியிருக்கும் இன்னும் பத்துப் பொதிகள் ஆட்டம் காணும்.

மூன்று ஆண்டுக் காத்திருப்பு

இந்தக் கதவைச் சாத்தும் கலை அவர்களுக்கு ஒரே நாளில் கைவரவில்லை. டெபியன் 3.0 பதிப்பு 2002 ஜூலையில் வந்தது. அடுத்த பதிப்பான 3.1 வந்ததோ 2005 ஜூன் 6இல். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள்! கணினியில் நிறுவும் முறையையே புதிதாக எழுதினார்கள். பதினொரு வகைக் கணினிகளில் அது ஓட வேண்டும் என்றார்கள். நடுவில் திட்டத்தின் அடிப்படைக் கொள்கை குறித்தே வாக்கெடுப்பும் விவாதமும் நடந்தன. இதோ வருகிறது, அதோ வருகிறது என்று சொல்லப்பட்ட நாள்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. பழைய பதிப்போடு காலம் தள்ளிய பயனீட்டாளர்கள் பொறுமை இழந்தார்கள்.

இனி காலம் தவறக்கூடாது என்ற எண்ணம் வலுத்தது. 2006ஆம் ஆண்டு ஒரு சோதனை நடந்தது. வெளியீட்டுப் பொறுப்பாளர்களான ஸ்டீவ் லாங்கசெக், ஆண்ட்ரியாஸ் பார்த் ஆகிய இருவரும் தலா ஒரு மாதம் முழுநேரமாகப் பணியாற்ற, வெளியிலிருந்து நிதி திரட்டிக் கொடுப்பது என்று ஆனது. டிசம்பரில் பதிப்பு வந்துவிட வேண்டும் என்பது இலக்கு.

பணம் வந்தது, மனக்கசப்பும் கூடவே வந்தது. "எல்லாரும்தான் உழைக்கிறோம். இரண்டு பேருக்கு மட்டும் ஏன் ஊதியம்?" என்ற கேள்வி எழுந்தது. நன்றாக உழைத்து வந்த சிலர் தங்கள் பங்களிப்பை வெகுவாகக் குறைத்துக்கொண்டார்கள் என்று பொறுப்பாளர்களில் ஒருவரே பின்னர் எழுதினார். டிசம்பரில் வரவேண்டிய பதிப்பு 2007 ஏப்ரல் 8இல்தான் வந்தது. தாமதத்திற்கு அது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தன்னார்வப் பணியில் பணம் கொடுத்து நாளை வாங்க முடியாது என்பதை எல்லாரும் பார்த்தார்கள்.

சொல்லாமல் சாத்திய கதவு

2009 ஜூலையில் இன்னொரு பாடம். ஸ்பெயின் நாட்டில் நடந்த ஆண்டு மாநாட்டின்போது ஓர் அறிவிப்பு வெளியானது. இனி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை டிசம்பர் மாதத்தில் உறைநிலை. முதல் உறைநிலை அந்த டிசம்பரிலேயே தொடங்கும் என்றார்கள். காலக்கெடு வைப்பது நல்ல யோசனைதான். ஆனால் முந்தைய பதிப்பு வெளிவந்து ஆறு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. ஒரு பெரிய மாற்றத்தைத் தொடங்கிப் பாதி வழியில் நின்றவர்கள் திகைத்தார்கள். "எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்பதுதான் பலருடைய வருத்தம். சில நாள்களிலேயே அந்த டிசம்பர் நாள் கைவிடப்பட்டது. கதவு உண்மையில் சாத்தப்பட்டது 2010 ஆகஸ்டில். பதிப்பு வந்தது 2011 பிப்ரவரியில்.

அதற்கடுத்த பதிப்பில் வேறொரு சிக்கல். 2012 ஜூன் 30இல் உறைநிலை தொடங்கியது. கதவடைக்கும் நேரம் நெருங்கியதும் கையிலிருந்ததை எல்லாம் உள்ளே தள்ளினால் என்ன நடக்கும்? பாலத்தைக் கடக்கக் கடைசி நேரத்தில் முண்டியடிக்கும் மோட்டார் சைக்கிள்களைப் பார்த்துப் பழகிய ஜொகூர்வாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உள்ளே வந்த பிழைகளைக் களைந்து 2013 மே 4இல் பதிப்பை வெளியிடப் பத்து மாதம் ஆனது.

முறை மாறியது

அதன் பிறகு செய்த மாற்றங்கள்தாம் கவனிக்கத்தக்கவை. முதலாவதாக, அடுத்த உறைநிலையின் நாளை ஓராண்டுக்கு முன்பே சொன்னார்கள். 2014 நவம்பர் 5 என்பது 2013 அக்டோபரிலேயே எல்லாருக்கும் தெரியும். யாரும் தெரியாது என்று சொல்ல வழியில்லை.

இரண்டாவதாக, முக்கியமல்லாத ஒரு பொதியில் கடுமையான பிழை இருந்து, அதை யாரும் கவனிக்காமல் விட்டால், முன்னறிவிப்பு கொடுத்த பிறகு சோதனைக் கிளையிலிருந்து அதை நீக்கும் வேலையை இயந்திரத்திடமே ஒப்படைத்தார்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு மனிதர் இன்னொரு மனிதரின் உழைப்பைத் தூக்கி எறிந்தால் பகை வரும். எல்லாருக்கும் பொதுவான விதி எறிந்தால் பொறுப்பாளர் பிழையைத் திருத்த ஓடி வருவார். அந்த முறை உறைநிலை ஐந்தரை மாதத்தில் முடிந்து, 2015 ஏப்ரல் 25இல் பதிப்பு வந்தது.

மூன்றாவதாக, கதவை ஒரே அடியாக அறைந்து சாத்தாமல் படிப்படியாகச் சாத்தினார்கள். டெபியன் 13 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2025 மார்ச் 15 முதல், பல பொதிகளை ஒருசேர அசைக்கும் பெரிய மாற்றங்களுக்குத் தடை. ஏப்ரல் 15 முதல் புதிய பொதிகளுக்குத் தடை; சிறு திருத்தங்களுக்கு மட்டும் இடம். மே 15 முதல் முக்கியமான பொதிகளில் கைவைக்க வெளியீட்டுக் குழுவின் அனுமதி தேவை. ஜூலை 27 முதல் எதற்குமே அனுமதி தேவை. ஆகஸ்டு 9இல் வெளியீடு.

அனுமதி கேட்பவர் பழைய நிரலுக்கும் புதிய நிரலுக்கும் உள்ள வேறுபாட்டை வரிக்கு வரி காட்ட வேண்டும். எந்தப் பிழை தீர்கிறது, புதிதாக ஆபத்து வருமா என்று சொல்ல வேண்டும். கேள்வியும் பதிலும் எல்லாரும் பார்க்கும்படி இருக்கும். மறுப்பு வந்தாலும் காரணத்தோடு வரும். வெளியீட்டுக் குழுவுக்கு இந்த அதிகாரத்தை வழங்குபவர் வாக்குப்பெற்ற தலைவர். குழுவின் முடிவு தவறு என்று கருதினால் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு வரை போகலாம்.

ஆறு மாதம் உழைத்து ஒரு நாள் பிந்தியவர் என்ன செய்வார்? அவருக்கென்று 'பரிசோதனைக் கிளை' என்ற தனி இடம் இருக்கிறது. புதிய பதிப்பை அங்கே வைத்துவிட்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கலாம். வேண்டாம் என்று சொல்பவர்கள், வைத்துக்கொள்ள ஓர் இடத்தையும் காட்டுகிறார்கள். அதனால்தான் பலர் கோபித்துக்கொண்டு போய்விடாமல் இருக்கிறார்கள்.

இன்னொன்று. புதியதைச் செய்வதில் இருக்கும் மகிழ்ச்சி பழைய பிழையைத் திருத்துவதில் இல்லை. அதிலும் அடுத்தவர் விட்டுச்சென்ற பிழை! அதற்காகவே வார இறுதிகளில் ஓரிடத்தில் கூடி, சேர்ந்து சாப்பிட்டு, பிழைகளைப் பங்கிட்டுத் திருத்தும் வழக்கம் உண்டு. பொறுப்பாளர் வெளியூரில் இருந்தாலும், அவருக்கு அறிவித்துவிட்டு மற்றவர் திருத்தலாம். எல்லாப் பிழைகளும் தீரும் வரை காத்திருப்பதும் இல்லை. இந்தப் பதிப்பில் பொறுத்துக்கொள்ளலாம் என்று சிலவற்றை வெளிப்படையாகக் குறித்துவிட்டு மேலே நடக்கிறார்கள்.

தமிழுக்கு என்ன?

உறைநிலையால் அதிகம் பயன்பெறுபவர்கள் மொழிபெயர்ப்பாளர்கள். ஒரு மென்பொருளின் திரையில் வரும் சொற்றொடர்களை ஒருவர் இரவுகளில் அமர்ந்து தமிழாக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளியீட்டுக்கு முதல் நாள் மூல ஆசிரியர் ஆங்கில வாசகத்தை மாற்றினால் அதற்குரிய தமிழ் வரி செல்லாமல் போகும். திரையில் பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக நிற்கும். டெபியனில் அடுத்த பதிப்பு வர ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்தத் திரையைப் பார்க்கும் பிள்ளை, "தமிழில் கணினி என்றால் இப்படித்தான் அரைகுறையாக இருக்கும்" என்று நினைத்துக்கொள்ளும்.

இதைத் தடுக்கவே குனோம், உபுண்டு போன்ற திட்டங்களில் 'சொற்றொடர் உறைநிலை' என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள். அந்த நாளுக்குப் பிறகு திரை வாசகத்தை மாற்ற விரும்பும் குனோம் நிரலாளர் மொழிபெயர்ப்பு ஒருங்கிணைப்பாளர்களின் ஒப்புதலைப் பெற வேண்டும். டெபியனிலும் உறைநிலைக் காலத்தில் மொழிபெயர்ப்புத் திருத்தங்களுக்கு இடம் தரப்படுகிறது. நிரலாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கும் நேரம்தான் மொழிபெயர்ப்பாளர்களுக்கு அறுவடை நேரம். தமிழுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கும் மலேசிய இளைஞர்கள் இந்த நாள்களைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. எப்போது வேண்டுமானாலும் செய்யலாம் என்று இருந்தால், செய்த வேலை அடுத்த பதிப்பைப் பார்க்காமலே போகலாம்.

உபுண்டு ஆறு மாதத்திற்கு ஒரு பதிப்பு என்று நாளை முன்வைத்து நடக்கிறது. அவர்களே 2006 ஏப்ரலில் வரவேண்டிய பதிப்பை ஜூன் 1க்குத் தள்ளினார்கள். முன்கூட்டியே சொல்லித் தள்ளினார்கள், நம்பிக்கை கெடவில்லை. நாள் தவறுவது குற்றமில்லை, சொல்லாமல் தவறுவதுதான் சங்கடம்.

நம்மூர்ச் சங்கங்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், கோயில் குழுக்கள் எல்லாமே தன்னார்வலர்களால் நடப்பவை. அங்கேயும் கடைசி வாரத்தில் புது யோசனைகள் வரும், மறுத்தால் முகம் வாடும். நாளை முன்னதாகச் சொல்வது, கதவைப் படிப்படியாகச் சாத்துவது, விதியை எல்லாருக்கும் ஒன்றாக வைப்பது, மறுக்கும்போது காரணம் சொல்வது, மறுத்ததை வைக்க ஓர் இடம் காட்டுவது. டெபியன் தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் இடறி விழுந்து கற்றது இவ்வளவுதான். மண்டபம் கட்ட முன்வந்தவரிடம் "அடுத்த திருப்பணிக்கு" என்று சொன்ன தலைவர், அதைக் குறிப்பேட்டில் எழுதி, அந்த நாள் வரும்போது முதல் ஆளாக அவரையே அழைக்க வேண்டும். அழைத்தால்தான் அடுத்த முறையும் அவர் வருவார்.