பிக்கப் வண்டிக்கு உறுதியான பக்கப்படி

மோட்டார் வண்டியின் உறுப்புக்களைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் எஞ்சினின் பெருமையையே விரித்துரைப்பர். காலை வைத்து ஏறும் படியைப் பற்றி எழுதுவோர் அரியர். எஞ்சின் பழுதுபட்டால் வண்டி நிற்கும். படி முறிந்தாலோ மனிதன் விழுவான். நம் கல்லூரியின் பழைய மாணவரும் இப்பொழுது அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் வாழ்பவருமாகிய ஓர் அன்பர், தம்முடன் தங்க வந்திருக்கும் முதிய அன்னையார் தமது பிக்கப் வண்டியில் ஏற இயலாது வருந்துவதைக் குறித்து எழுதி, எத்தகைய பக்கப்படியை வாங்கலாம் என்று எம்மை வினவினார். அவருக்கு யாம் எழுதிய விடையைச் சற்று விரித்து ஈண்டு வரைகின்றோம்.

பிக்கப் என்பது முன்னே ஆள் அமரும் அறையும் பின்னே திறந்த தொட்டியும் உடைய சிறு பாரவண்டி. மிச்சிகன் அதன் தாய்நாடு என்றே கூறலாம். குடியானவர் தம் பழைய கார்களின் பின்புறத்தை அறுத்தெறிந்து பெட்டி பொருத்திக்கொண்டு வந்த காலத்தில், 1925-ல் ஃபோர்டு கம்பெனியார் தம் மாடல் டி வண்டியைத் தொட்டியுடன் தொழிற்சாலையிலேயே அமைத்து 281 டாலருக்கு விற்கத் தொடங்கினர். அக்காலத்து வண்டிகளுக்கெல்லாம் முன் மட்கார்டு முதல் பின் மட்கார்டு வரை நீண்ட அகலமான பலகையொன்று இருந்தது. நம்மூர்ப் பஸ்களிற் புட்போர்டு என்கின்றோமே, அதன் இனத்தது அது. ஏறுவோர் அதன்மேற் காலூன்றி ஏறினர். கருவிப் பெட்டியும் பெட்ரோல் தகரமும் அதன்மேலேயே பிரயாணஞ் செய்தன. பின்னர், பலகை இருந்த இடத்தையும் வளைத்துக்கொண்டு வண்டியின் உடல் அகன்றது. 1949-ஆம் ஆண்டுக்குரிய ஃபோர்டு காரிற் பலகை மறைந்தே போயிற்று. வோல்க்ஸ்வேகன் வண்டுவண்டி மாத்திரம் 2003-ல் மெக்ஸிகோவில் உற்பத்தி நின்ற நாள்வரை அதனைக் கைவிடவில்லை. பிக்கப் வண்டிகளிற் சிலகாலம் தங்கியிருந்து பின்பு அங்கும் அது மறைந்தது. அதன் பின்னரே நாற்சக்கர இயக்கமும் பெருஞ் சக்கரமும் பரவி வண்டித் தளம் உயர்ந்தது. தளம் தாழ்ந்திருந்த நாளிற் படி இருந்தது. தளம் உயர்ந்த நாளிற் படி விலைகொடுத்து வாங்கும் தனிப்பொருளாயிற்று. வணிகர் மகிழ்ந்திருப்பர்.

இனி, தெரியும் முறையைக் கூறுவாம். கடையிற் சென்று படியைப் பார்ப்பதற்கு முன்னர் ஏறுவோர் காலைப் பார்த்தல் வேண்டும். வீட்டு மாடிப்படி ஒவ்வொன்றும் ஆறு அல்லது ஏழு அங்குல உயரமே இருக்கும். பெரிய பிக்கப்பின் தளமோ ஏறத்தாழ இரண்டடி உயரத்தில் உள்ளது. பதினாறு அங்குல உயரத்திற் படியை அமைத்தால் மேல்நடை எட்டங்குலமாகக் குறையும். ஆனால் முதல் நடை முழங்கால் நோயுடையார்க்கு எட்டாது. பன்னிரண்டங்குலத்தில் அமைத்தால் இரு நடையும் ஒத்திருக்கும்; ஆனால் தாழ்ந்து தொங்கும் படி மேட்டிலுங் கல்லிலும் மோதும். ஆதலின் யாம் அன்பருக்குக் கூறியது இது: உறுதியான பெட்டிகளை அடுக்கி, அன்னையாரை ஒரு கையாற் பிடித்துக்கொண்டு ஏறச்செய்து, வருத்தமின்றி அவர் கால் உயரும் அளவு யாதென அளந்து குறித்துக்கொள்க. அவ்வளவுக்கு ஒவ்வாத படி எத்துணை வலிதாயினும் அவ்வீட்டிற்கு உதவாது.

கடைகளிற் கிடைப்பன பெரும்பாலும் மூன்று வகையின. ஒன்று உருண்டைக் குழாய். அதன்மேற் கால் வைக்கும் இடங்களில் மாத்திரம் சிறு ரப்பர்த் தகடு ஒட்டியிருக்கும். காட்சிக்கு இதுவே அழகியது. ஆனால் சேலை உடுத்த முதியவர் குனிந்து தகடு இருக்கும் இடத்தைத் தேடிக் கால் வைப்பாரல்லர். வழக்கமாக வைக்கும் இடத்திலேயே வைப்பார். அங்கே வழவழப்பான வளைவு இருந்து, அதன்மேற் பனியும் படிந்திருந்தால் விளைவைக் கூற வேண்டுவதில்லை. இரண்டாவது, நீளம் முழுதும் ஐந்தாறு அங்குல அகலமுள்ள தட்டைப் பலகை. எங்கே மிதிப்பினும் இடங்கொடுக்கும். சேறு படிந்தால் இறங்குவோர் ஆடையிற் சிறிது பூசும் என்பது ஒன்றே குறை. மூன்றாவது, பாறை நாட்டிற் செல்வோர் பூட்டுவது. யூட்டா மாகாணத்து மோவாப் போன்ற இடங்களிற் பாறைமேல் வண்டியோட்டுவோர், கீழ்ப்புறம் பாறையில் உராய்ந்தால் வண்டியின் பாரத்தையே தாங்கவல்ல தடித்த இரும்புச் சட்டத்தைச் சேஸிஸிற் பூட்டுவர். உறுதியில் இதற்கு நிகரில்லை. ஆயினும் பாறையினின்று விலகியிருத்தற்பொருட்டு மேலேறி அமைந்திருத்தலின், ஏறுவோர்க்குப் படியாக உதவுவது குறைவு. வலியதெல்லாம் நல்லதென்று எண்ணி இதனை வாங்கி, பின்னர் வீட்டாரை மரப்பெட்டி வைத்து ஏற்றுவோரும் உளர்.

கதவு திறந்ததும் மின்மோட்டாரால் இறங்கி, மூடியதும் உள்ளே மடங்கும் படியும் உண்டு. தாழவும் இறங்கும், ஓடும்போது கல்லிலும் மோதாது. ஆனால் பனிக்கட்டியும் சேறும் அதன் மூட்டுக்களில் இறுகும் நாட்டில், வேண்டும்பொழுது இறங்காது நிற்றல் கூடும்.

வகை தெரிந்தபின் உறுதியை ஆராய்தல் வேண்டும். இங்கேதான் பலர் மயங்குகின்றனர். குழாயைத் தட்டி ஓசை கேட்கின்றனர், பளபளப்பை வியக்கின்றனர், அது வண்டியோடு இணையும் இடத்தைக் குனிந்து நோக்குவதில்லை. பௌதிக வகுப்பில் நெம்புகோலைப் படித்த மாணவர் எவரும் இதனை எளிதில் உணர்வர். எண்பது கிலோகிராம் எடையுள்ள ஒருவர், பிராக்கெட்டு என்று பட்டறைகளில் வழங்கும் தாங்கி வண்டியைத் தொடும் இடத்தினின்று இருபது சென்டிமீட்டர் வெளியே மிதிக்கின்றார் எனக் கொள்வோம். தாங்கியின் மேற்போல்ட்டுக்கும் அதன் அடிமுனைக்கும் இடையே எட்டுச் சென்டிமீட்டர் உள்ளதெனின், மேற்போல்ட்டைப் பிடுங்கும் விசை எண்பதை இருபதாற் பெருக்கி எட்டால் வகுத்த அளவு. அஃதாவது இருநூறு கிலோகிராம் பாரம். படி முப்பது சென்டிமீட்டர் வெளியே நீண்டால் அதுவே முந்நூறாகும். அன்றியும் இவை அசையாது நிற்கும் மனிதனுக்கே உரிய கணக்கு. திடீரென விடப்படும் பாரம், மெல்ல வைக்கப்படும் பாரத்தைப்போல் இருமடங்கு அழுத்தும். மேலிருந்து குதிப்பவர் அதற்கும் மேலே அழுத்துவர். தோளில் ஐம்பது கிலோ சிமிட்டி மூட்டையோடு இறங்கும் தொழிலாளியை எண்ணிப் பார்க்க. இத்தனையையும் தாங்குவன விரற்கடைப் பருமனுள்ள இரண்டு மூன்று போல்ட்டுக்களும் அவை பற்றியிருக்கும் தகடுமே.

எனவே உயரத்தில் நெடியதாகவும், தடித்த தகட்டாலும், மூலையில் முக்கோணத் துண்டு வைத்துப் பற்றவைத்ததாகவும் உள்ள தாங்கியே விரும்பத்தக்கது. பக்கத்திற்கு இரண்டு தாங்கி போதுமா, மூன்று வேண்டுமா என்பர். நடுவிற் குழாய் தொய்யாதிருத்தற்கு மூன்றாவது உதவும். ஆனால் ஒருவர் ஒரு தாங்கிக்கு நேரே மிதிக்கும்போது அவர் எடை ஏறக்குறைய முழுதும் அவ்வொன்றன்மேலேயே விழும் என்பதை மறத்தலாகாது. பல படிகளின் உறைமேல் 300 பவுண்டு, அஃதாவது 136 கிலோகிராம், தாங்கும் என்று அச்சிட்டிருக்கும். அந்த அளவு நீளம் முழுதும் பரவிய பாரத்திற்கா, தாங்கியைக் கடந்து நீண்ட நுனியில் ஒரு கால் ஊன்றும் பாரத்திற்கா என்று விற்பவரை வினவுக. விடை கூறத் தயங்குவாராயின் அடுத்த கடைக்குச் செல்க.

தாங்கி எதிற் பூட்டப்படுகின்றது என்பது அடுத்த வினா. பிக்கப் வண்டிகளிற் பெரும்பாலன ஏணிபோன்ற எஃகுச் சேஸிஸின்மேல், ரப்பர் மெத்தைகளை இடையிட்டு உடலை ஏற்றி வைத்தனவாகும். சேஸிஸ் தடித்தது, கதவுக்குக் கீழே ஓடும் உடலின் விளிம்புப்பெட்டியோ மெல்லிய தகடு. சாதாரணப் பக்கப்படிகள் பல இவ்விளிம்பிலேயே, வண்டி செய்தோர் விட்டிருக்கும் துளைகளிற் பூட்டப்படுகின்றன. செய்தோர் விட்ட இடத்திற் பூட்டினால் அது குற்றமன்று. அவ்விடம் உள்ளே தடிக்கப்பட்டிருக்கும். துளை இல்லாத இடத்திற் புதிதாகத் துளைத்துப் பூட்டுவதே கேடு. தகடு நாளடைவில் வளைந்து பிளக்கும். துளைவழியே நீரும் புகும். வண்டியின் ஆண்டும் மாதிரியும் கூறி, துளையிடாமற் பொருந்தும் படியையே கேட்டு வாங்குதல் வேண்டும். எவ்வகைப் படியாயினும், பாறைச் சட்டமென்று செய்தோரே கூறினாலன்றி, அதன்கீழ் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கலாகாது.

குழாயின் கனத்தைப் பற்றியும் ஒரு கணக்குக் கூறலாம். 60 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் சுவரும் உடைய எஃகுக் குழாயின் சுவரை 3 மில்லிமீட்டராக்கினால் எடை நூற்றுக்கு நாற்பத்தேழு மிகும். வளையாமை நாற்பத்துமூன்றே மிகும். சுவரை அவ்வாறே விட்டு விட்டத்தை 76 மில்லிமீட்டராக்கினாலோ, எடை நூற்றுக்கு இருபத்தெட்டு மிக, வளையாமை இரட்டிக்கும். பருத்த குழாய் சிக்கனமானது. ஆனால் சுவர் மிக மெலிந்தால் ஒரு கல் தெறித்தாலும் நசுங்கும். இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைந்ததை யாம் வாங்கோம்.

மிச்சிகனில் மற்றொரு பகை உண்டு, அஃது உப்பு. பனிக்காலத்திற் சாலையின் பனியை உருக்க உப்பைத் தூவுகின்றனர். மோட்டார் நகரெனப் பெயர்பெற்ற டெட்ராயிட்டின் அடியிலேயே, ஆயிரம் அடிக்கும் கீழே, பெரியதோர் உப்புச் சுரங்கம் உள்ளது. மேலே வண்டி செய்யும் ஊர் கீழே அதனை அரிக்கும் பொருளையும் தோண்டுகின்றது! இவ்வுப்பு நீர் பக்கப்படியில் முதலிற் பற்றுவது மேற்பரப்பையன்று. பற்றவைத்த இணைப்புக்களையும் குழாயின் உட்புறத்தையுமே. குழாயின் இருமுனையையும் பிளாஸ்டிக் மூடி அடைத்து, அடியில் நீர் வடியத் துளை இல்லாதிருப்பின், வெளியே புதிதாய்த் தோன்றும் படி உள்ளே உளுத்துப்போம். ஆகவே வடிதுளை உண்டா என்று விரலாற் தடவிப் பார்க்க வேண்டும். சாதாரண எஃகாயின் துத்தநாக முலாம் பூசி அதன்மேற் பவுடர் கோட்டிங் செய்தது நன்று. பவுடர் கோட்டிங் மாத்திரம் உள்ளது ஒரு கல் கீறிய இடத்தினின்று உரியத் தொடங்கும்.

நாம் எவர்சில்வர் என்று வழங்கும் எஃகிலும் தரவேறுபாடு உண்டு. நூற்றுக்குப் பதினெட்டளவு குரோமியமும் எட்டளவு நிக்கலும் உள்ள 304 எனும் தரம் உப்பை நன்கு எதிர்க்கும். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 201 அத்துணை எதிர்க்காது. காந்தம் ஒட்டாவிடில் உயர்ந்ததென்று கடைக்காரர் கூறுவதை நம்பற்க. இரண்டும் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டா. அலுமினியம் இலேசானது, செந்துரு ஏறாதது. ஆயினும் எஃகும் அலுமினியமும் தொட்டு நிற்கும் இடத்தில் உப்பு நீர் சேர்ந்தால் மின்கலம் போன்றதொரு வினை நிகழ்ந்து அலுமினியம் அரிக்கப்படும். ஃபோர்டு எஃப்-150 வண்டியின் உடல் 2015-ஆம் ஆண்டு மாதிரி முதல் அலுமினியத்தாலாயது. அன்பரின் வண்டியும் அதுவே. ஆதலின் எஃகுத் தாங்கி உடலைத் தொடும் இடத்திற் பூச்சுக் கெடாதிருத்தலும், முலாம் பூசிய போல்ட்டே இடுதலும் அவருக்கு இன்றியமையாதன என்று எழுதினோம்.

நம் நாட்டிலும் இவ்வகை வண்டிகள் வந்துவிட்டன. இசுசு வி-கிராஸ் 2016-லும், டொயோட்டா ஹைலக்ஸ் 2022-லும் இங்கே விற்பனைக்கு வந்தன. கடலோர ஊர்களிற் பனி இல்லையெனினும் உப்புக்காற்று உண்டு. மேற்கூறியன யாவும் ஆங்கும் பொருந்தும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுப் புத்தகத்திற் கண்டதற்கு மாறாக வண்டியைத் திருத்துதலைத் தடுக்கின்றது. முன்புறம் பூட்டும் இரும்புக் காப்புச் சட்டங்களுக்கு எதிராக 2017 டிசம்பரில் மத்திய அரசாங்கம் மாகாணங்களுக்கு எழுதியதும் பலர் அறிந்ததே. வண்டியின் அகலத்தைக் கடந்து துருத்தும் படியை விரும்புவோர், வாங்குமுன் பதிவு அலுவலகத்திற் கேட்டறிதல் நலம்.

மேற்பரப்பின் பிடிப்பைக் குறித்துச் சில சொல்ல வேண்டும். துளைகளின் விளிம்பு மேலெழும்பிப் பற்களாய் நிற்கும் தகட்டில் சேறும் பனியும் கீழே விழுந்துவிடும். பூட்ஸ் அணிந்தோர்க்கு இதனினும் சிறந்தது இல்லை. செருப்புக் காலோடு சேலை விளிம்பும் படும் வீட்டில் அப்பற்கள் துணியைப் பிடித்திழுக்கும்; அங்கே ஆழ்ந்த வரிகளுள்ள ரப்பர்ப் பரப்பே தக்கது, பனி நாளில் அதனைத் துடைத்துவிட ஒருவர் இருத்தல் வேண்டும். படி எத்துணை நன்றாயினும் கைப்பிடி இன்றிப் பயனில்லை. பாரவண்டி ஓட்டுவோர்க்குக் கற்பிக்கும் விதியொன்றுண்டு: இரு கை இரு கால் என்னும் நான்கனுள் மூன்று எப்பொழுதும் வண்டியைப் பற்றியிருக்க, வண்டியை நோக்கியே ஏறவும் இறங்கவும் வேண்டும். முதுகைக் காட்டிக்கொண்டு இறங்குபவர் வழுக்கினாற் பற்றுதற்கு ஒன்றும் அகப்படாது. கதவுத் தூணிற் கைப்பிடி இல்லாத பக்கத்திற்கு அதனையும் படியோடு சேர்த்து வாங்குமாறு அன்பருக்கு எழுதினோம்.

பூட்டியபின் செய்ய வேண்டியவை இரண்டு. சில நூறு மைல் ஓடியதும், படியோடு வந்த தாளிற் குறித்த அளவுக்கு ஒவ்வொரு போல்ட்டையும் அளவு காட்டும் ஸ்பானராற் மறுபடி இறுக்குக. சாலையதிர்ச்சியில் அவை தளர்வது இயல்பு. மற்றொன்று, முதல் நாளே செய்யத்தக்கது. வீட்டிற் கனத்தவர் எவரோ அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியின் நுனியில் நிற்க, மற்றொருவர் கீழே குனிந்து தாங்கி தொடும் இடத்தை விளக்கொளியில் நோக்குக. படி சிறிது வளைந்து மீண்டால் அஞ்ச வேண்டுவதில்லை. தாங்கிக்கும் வண்டிக்கும் இடையே மயிரிழை வாய் திறந்தாலும், தகடு உள்வாங்கினாலும், அன்றே கழற்றிக் கடையிற் கொடுத்துவிடுக.