களைப்பைப் போக்கும் காட்டுப் பச்சிலை!

1987-ம் ஆண்டு. அகத்திய மலைக் காட்டின் கேரளப் பகுதியில் விஞ்ஞானிகள் சிலர் மலை ஏறிக் கொண்டிருந்தார்கள். மலைவாழ் மக்களுக்குத் தெரிந்த மூலிகைகளை ஆராய வந்தவர்கள் அவர்கள். டாக்டர் புஷ்பாங்கதன் அவர்களுக்குத் தலைவர்.

காணிக்காரர்கள் வழி காட்டிச் சென்றார்கள். இவர்கள் அந்த மலையின் பழங்குடி மக்கள். நெல்லை, குமரி மாவட்டக் காடுகளிலும் காணிக்காரர்கள் உண்டு.

ஏற ஏற விஞ்ஞானிகளுக்குக் கால் ஓய்ந்தது, மூச்சு வாங்கியது. காணிக்காரர்களோ சளைக்காமல் நடந்தார்கள். நடந்தபடியே சிறு சிறு பழங்களை எடுத்து மென்று கொண்டிருந்தார்கள்.

விஞ்ஞானிகளுக்கும் அதைத் தின்னக் கொடுத்தார்கள். என்ன ஆச்சரியம்! சிறிது நேரத்தில் களைப்பு போய்விட்டது. புதுத் தெம்பு பிறந்தது!

குல ரகசியம்

"இது என்ன பழம்?" என்று கேட்டதற்குக் காணிக்காரர்கள் வாய் திறக்கவில்லை. அது அவர்களுடைய குல ரகசியம். வெளியாருக்குச் சொல்லக் கூடாது என்பது கட்டுப்பாடு.

தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று விஞ்ஞானிகள் உறுதி கூறினார்கள். பிறகுதான் செடியைக் காட்டினார்கள்.

அதன் பெயர் ஆரோக்கியப் பச்சை. தரையை ஒட்டி வளரும் சிறு செடி. பெரிய மரங்களின் நிழலில், ஈரம் உள்ள மண்ணில் வளருவது. நெடுந்தூரம் நடக்கும்போது காணிக்காரர்கள் இதன் பழத்தைத் தின்பது வழக்கம்.

பாதிப் பங்கு

திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையத்தில் இந்தச் செடியை ஆராய்ந்தார்கள். இலையிலும் களைப்பைப் போக்கும் சத்து இருப்பது தெரிந்தது. அத்துடன் அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றைச் சேர்த்து "ஜீவனி" என்ற மருந்தைத் தயாரித்தார்கள்.

1995-ல் அதைச் செய்து விற்கும் உரிமை கோவை மருந்து நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்கப்பட்டது. கட்டணம் 10 லட்சம் ரூபாய். விற்பனையில் நூற்றுக்கு 2 ரூபாய் தனி.

இந்தப் பணத்தில் சரி பாதி காணிக்காரர்களுக்கு என்று ஆராய்ச்சி நிலையம் முடிவு செய்தது. அதைப் பெறுவதற்காக 1997-ல் காணிக்காரர்கள் ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். 1999-ல் 5 லட்சம் ரூபாய்க்கு மேல் அவர்கள் கைக்கு வந்தது.

காட்டு மக்களின் அறிவுக்கும் விலை உண்டு என்பதை உலகம் கவனித்தது. 2002-ல் இந்திய அரசு கொண்டு வந்த பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திலும் இத்தகைய பங்கு முறை இடம் பெற்றது.

செடிக்கு வந்த ஆபத்து

ஆனால், மருந்துக்கு இலை வேண்டுமே! ஆசைப்பட்டவர்கள் செடியை வேரோடு பிடுங்கினால் காட்டில் என்ன மிஞ்சும்? அழிந்துவிடும் என்று அஞ்சி வனத்துறையினர் இலை பறிக்கத் தடை போட்டார்கள். காணிக்காரர்களின் வருமானமும் தடைப்பட்டது.

பழத்துக்காகக் காணிக்காரர்கள் செடியைப் பிடுங்குவது இல்லை. தேவைக்குப் பறிப்பார்கள், செடி மறுபடி காய்க்கும். அவர்கள் காட்டியது பச்சிலையை மட்டும் அல்ல. அதைக் காப்பாற்றும் வழியையும்தான்!