பதவி உயர்வும் நடுவுநிலைமையும்

காரைக்குடியில் யாம் வாழும் தெருவின் கோடியில் முதியவர் ஒருவர் உளர். இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, சிறப்புச் சார்பு ஆய்வாளராக ஓய்வு பெற்றவர். "இருபத்தைந்தாம் ஆண்டில் வரவேண்டியது எனக்கு இருபத்தொன்பதில் வந்தது, தம்பி" என்று அவர் ஒருநாள் கூறியதே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. அவர் எவ்வூரில் பணிபுரிந்தார், எவர் கீழ்ப் பணிபுரிந்தார் என்பன ஈண்டு வேண்டா.

வேலையில் உயர்வு என்பது செட்டிநாட்டார்க்குப் புதியதன்று. பர்மா, மலாயா முதலிய நாடுகளில் நகரத்தார் கடை நடத்திய காலத்தில், பெட்டியடிப் பையனாகக் கப்பலேறிய ஒருவன் கணக்கும் நாணயமும் கற்று அடுத்தாளாகி, பின்னர் மேலாளாகிக் கடை முழுவதையும் நடத்துதல் கூடும். மூன்றாண்டுக் கணக்கு முடிந்து அவன் ஊர் திரும்புங்கால், முதலாளி பேரேட்டைப் புரட்டி அவன் திறத்தை அளந்தறிவார். உறவு பற்றி உயர்வு பெற்றாரும் ஆங்கு இருந்திருப்பர். எனினும் அளப்பவரும் அளக்கப்படுபவரும் ஒருவரையொருவர் அறிவர். தமிழ்நாட்டுக் காவற்றுறையிலோ ஓரிலக்கத்துக்கு மேற்பட்டோர் பணிபுரிகின்றனர். அத்துணைப் பேரையும் ஒருவர் கண்டறிதல் இயலுமோ? அன்றியும், கடையின் ஊதியம் ஏட்டில் தெரியும். காவலின் பயன் தெரிவதில்லை. நம் சிவகங்கை மாவட்டத்துப் புரசடை உடைப்பில் திறந்தவெளிச் சிறை ஒன்று உண்டு. உயர்ந்த மதிலுக்குள் அடைபடாது கைதிகள் ஆங்கு உழவு செய்கின்றனர். அத்தகைய இடத்துச் சிறைக்காவலர் ஒருவரின் திறமைக்குச் சான்று யாது? ஒன்றும் நிகழாமையே சான்று. நிகழாத ஒன்றை எந்த ஏட்டில் பதிவது? இதனாலேதான் ஆண்டுகளின் எண்ணிக்கை, அதாவது பணிமூப்பு, உயர்வுக்கு அளவுகோலாயிற்று. அது குறையுடைய அளவுகோலே. ஆயினும் எல்லார்க்கும் ஒன்றாகிய அளவுகோல்.

தமிழ்நாட்டில் பல்லாண்டு வழங்கிய விதி இது: இரண்டாம் நிலைக் காவலர் 10 ஆண்டு முடித்தால் முதல் நிலைக் காவலர், மேலும் 5 ஆண்டில் தலைமைக் காவலர், மேலும் 10 ஆண்டில் சிறப்புச் சார்பு ஆய்வாளர். மேலிடம் காலியாதலை நோக்கிக் காத்திராது, ஆண்டு நிறைந்தவரைத் தரமுயர்த்தும் ஏற்பாடாதலின், ஏங்கிக் கிடந்த பல்லாயிரவர்க்கு இஃது ஆறுதல் அளித்தது. எனினும் இதனைப் பதவி உயர்வு என்று அழைத்தல் முற்றும் பொருந்துமோ என ஐயுறுகின்றோம். பழந்தமிழ் வேந்தர் படைத்தலைவர்க்கு ஏனாதி என்றும், வணிகர்க்கு எட்டி என்றும் பட்டம் அளித்தனர். பட்டம் பெற்றவன் பெருமை பெற்றான். அதனால் மட்டும் அவன் செய்யும் தொழில் வேறாகிவிடவில்லை. எம் தெருப் பெரியவரும் அவ்வாறே கூறினார்: பெயர் மாறிற்று, ஊதியம் சிறிது ஏறிற்று, மறுநாட் காலையில் நின்ற இடம் அதே நாற்சந்தி.

இவ்வாறு ஆனதற்கு ஒரு வரலாறு உண்டு. 1902-இல் கர்சன் பிரபு அமைத்த போலீஸ் கமிஷன், சர் ஆண்ட்ரூ பிரேசர் தலைமையில் நாடெங்கும் ஆராய்ந்து, சார்பு ஆய்வாளர் பதவிக்குப் படித்தவரை நேரே சேர்க்க வேண்டும் என்றும், தலைமைக் காவலர் அப்பதவிக்கு ஏறுதலைக் குறைக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அக்காலத்துக் காவலர் சிறுசம்பளத்தார். பெரும்பாலார் கல்வியறிவு குறைந்தவர். ஆகவே அக்கருத்துக்கு அன்று காரணம் இருந்தது என்பதை யாம் மறுக்கவில்லை. இன்றோ, இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் பத்தாம் வகுப்பே போதுமாயினும், அதனை எழுதுவோருள் பட்டதாரிகள் பலர். காரணம் அழிந்தது, மாடி மட்டும் நிற்கின்றது. காவலர், சார்பு ஆய்வாளர், துணைக் கண்காணிப்பாளர், இந்தியக் காவற்பணியாளர் என நான்கு வாயில்கள் தனித்தனியே திறக்கின்றன. ஒவ்வொரு வாயிலில் நுழைபவரும் கீழ்வாயிலினரின் தலைக்கு மேலே நுழைகின்றனர். இலண்டன் மாநகரில் 1829-இல் பீல் என்பார் தோற்றுவித்த காவற்படையில் பொதுவாக யாவரும் காவலராகவே தொடங்கினர். 1934-இல் எண்டனில் ஒரு கல்லூரி நிறுவி, இளைஞரை விரைவில் அதிகாரிகளாக்க முயன்றனர். 1939-இல் அது மூடப்பட்டது.

இங்கு ஒரு சிறு வாயில் திறந்திருத்தலையும் கூறல் வேண்டும். சார்பு ஆய்வாளர் நேரடித் தேர்வில் நூற்றுக்கு 20 இடம் துறையில் உள்ளோர்க்கே ஒதுக்கப்படுகின்றது. நல்லதே. ஆனால் இரவுக் காவலும் திருவிழாக் காவலும் முடித்து வரும் ஒருவர் எப்பொழுது புத்தகத்தைத் திறப்பார்?

சிறைத்துறையார் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் ஒரே பொதுத்தேர்வால் காவலர், சிறைக்காவலர், தீயணைப்போர் ஆகிய மூவரும் தெரிந்தெடுக்கப்படுகின்றனர். ஒரே நாளில், ஒரே கூடத்தில், ஒரே வினாத்தாளை விடுத்த இருவருள் ஒருவர் காவல் நிலையத்திற்கும் மற்றவர் சிறைச்சாலைக்கும் செல்வர். சிறைத்துறை சிறியது, மேற்பதவிகள் சில. அவற்றின் உச்சியாகிய தலைமைப் பதவியிலோ இந்தியக் காவற்பணியைச் சார்ந்தவரே அமர்த்தப்படுகின்றனர். சிறையிலேயே முதிர்ந்தவர்க்கு அஃது எட்டாக்கனி. நீதிபதி முல்லா தலைமையில் அமைந்த குழு 1983-இல் அளித்த அறிக்கையில், சிறைக்கென அனைத்திந்தியப் பணி ஒன்றனைத் தனியே அமைக்க வேண்டும் என்று கூறியது. அப்பணி இன்றுவரை அமையவில்லை.

இனிப் பெரியவர் இழந்த நான்கு ஆண்டுகளைப் பற்றி. உயர்வு வரவேண்டிய காலத்தில் அவர்மீது ஒரு குற்றக் குறிப்பாணை வந்தது. விசாரணை நீண்டது. அதற்குள் அவருக்குப் பின் சேர்ந்தோர் முன் சென்றனர். முடிவில் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை. இத்தகைய நிலைக்கு உச்சநீதிமன்றம் 1991-இல் ஜானகிராமன் வழக்கில் வழி கூறியுள்ளது: குறிப்பாணை வழங்கிய பின்னரே உயர்வை நிறுத்தலாம், அதற்கு முன், விசாரணை நடக்கின்றது என்னும் பேச்சு மட்டும் போதாது. அவரைப் பற்றிய தேர்வுக்குழுவின் முடிவை உறையிலிட்டு மூடிவைத்து, முற்றும் குற்றமற்றவர் எனத் தெளிந்தவுடன் உறையைப் பிரித்து, உரிய நாள் முதலாகவே உயர்வு அளித்தல் வேண்டும். விதி நேரியதே. ஆனால் விசாரணை எத்துணை ஆண்டு நீளலாம் என்பதை அந்த உறை கூறுவதில்லை. பெரியவர்க்கும் ஆணையில் பழைய தேதியே இடப்பட்டது. "தேதி திரும்பி வந்துவிட்டது, தம்பி, நாள் வரவில்லை" என்றார். அந்நான்கு ஆண்டும் தமக்கு இளையவர்க்குக் கைதூக்கி வணக்கம் செய்தவர் அவர்.

அவருடைய இளைய மகன் எம்மோடு ஒத்த வயதினன். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு எழுதி விரைவில் வீட்டுக்கு உதவ விரும்புகின்றான். தந்தையோ, "பட்டம் பெற்றபின் நேரே சார்பு ஆய்வாளர் தேர்வு எழுது, கீழிருந்து ஏற நினையாதே" என்கிறார். தாம் வாழ்நாளெல்லாம் மனம் புழுங்கிய அவ்வாயில் வழியே மகனை நுழையச் சொல்வது அவர்க்கே வருத்தம் தருகின்றது என்பதை அவர் முகத்தில் கண்டோம். இரு தேர்விலும் தமிழ்த் தகுதித்தாள் உண்டாதலின், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தபின் யாம் அவனுக்கு இலக்கணம் சொல்லி வருகின்றோம். எந்தத் தேர்வுக்கு என்பது இன்னும் முடிவாகவில்லை.