பங்குனி வானிலையும் வீட்டுத் தோட்டமும்

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே அமைந்த புத்தலப்பட்டு வட்டாரம் மாந்தோப்புகள் நிறைந்தது. மாசி, பங்குனி மாதங்களில் பிஞ்சு பிடிக்கும் வேளையில், அங்குள்ளோர் மரத்தைப் பார்ப்பதைவிட வானத்தைப் பார்ப்பதே மிகுதி. ஒரு வாரம் வெயில் கொளுத்தும். அடுத்த வாரம் மாலையில் இடியும் காற்றும் எழுந்து கோடை மழை கொட்டும்; சில வேளைகளில் ஆலங்கட்டியும் விழும். தோப்புக்கு நேரும் இந்த இடர், நம் வீட்டுப் பின்கட்டிலும் மாடியிலும் வளரும் காய்கறிச் செடிகளையும் விடுவதில்லை.

2023 ஜூலையில் தக்காளி விலை பல நகரங்களில் கிலோ 100 ரூபாயைக் கடந்தது நமக்கு நினைவிருக்கும். கோடை வெப்பமும் காலந்தவறிய மழையும் விளைச்சலைக் குறைத்தது அதற்கு ஒரு காரணம். புகழ்பெற்ற தக்காளிச் சந்தையான மதனப்பள்ளியும் அவ்வேற்றத்தைக் கண்டது. சில வாரங்களில் பெருஞ்சரிவையும் கண்டது. வீட்டுத் தோட்டம் சந்தைக்கு மாற்றாகாது. எனினும், விலை ஏறும் வாரங்களில் அது சமையலறைக்கு ஒரு சிறு கையிருப்பு.

செடி ஏன் காய்ப்பதில்லை?

பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியசைத் தாண்டி, இரவிலும் வெக்கை தணியாவிடில், தக்காளியின் மகரந்தம் வலுவிழந்து பூக்கள் உதிர்கின்றன. இதை உரக்குறை என்று எண்ணி மேலும் உரமிடுவதால் பயனில்லை.

காய்ந்து கிடந்த மண்ணில் திடீரெனப் பெருமழை பெய்தால், பழத்தின் உட்பகுதி விரைந்து பருக்கிறது. தோல் அதற்கு ஈடுகொடுக்க இயலாமல் வெடிக்கிறது. காயின் அடிப்பகுதி கறுத்து அழுகுவதையும் பலர் பூச்சியின் வேலை என்று கருதி மருந்து தெளிக்கின்றனர். பெரும்பாலும் அது, நீர் ஒரு நாள் மிகுந்தும் மறுநாள் குறைந்தும் கிடைப்பதால் சுண்ணாம்புச் சத்து காய்க்குச் சென்று சேராமையின் விளைவே. சீரான நீர்ப்பாய்ச்சலே அதற்கு மருந்து.

தவணை முறையில் விதைப்போம்

வானிலையை நம்மால் மாற்ற இயலாது. இழப்பைப் பங்கிட இயலும். கையிலுள்ள பணம் முழுவதையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் முதலீடு செய்ய நாம் தயங்குகிறோம். விதைக்கும் அதே எச்சரிக்கை வேண்டும். ஒரு பொட்டல விதையை மூன்று பங்காக்கி, 15 நாள் இடைவெளியில் விதைக்கலாம். முதல் பங்கு ஆலங்கட்டியில் அழிந்தாலும் இரண்டாம் பங்கு நாற்றாக நிற்கும். மூன்றாம் பங்கு பொட்டலத்திலேயே இருக்கும்.

பயிரையும் பங்கிடுவது நன்று. தக்காளியைத் தை மாதத்திலேயே நட்டுவிட்டால், கடும் வெயிலுக்கு முன்பே காய்ப்புக்கு வரும். மாசி முடிந்தபின் வெப்பம் தாங்கும் வெண்டை, கொத்தவரை, காராமணி, பாகல், பீர்க்கு ஆகியவற்றுக்கு முதலிடம் தரலாம். இடையிடையே சிறுகீரையும் தண்டுக்கீரையும் விதைத்தால் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பறிக்கலாம். இழந்தாலும் இழப்பு சிறிது.

வெயிலுக்கு முன்னும் மழைக்குப் பின்னும்

வைக்கோல் அல்லது காய்ந்த இலைகளை இரண்டு அங்குல உயரத்துக்கு மூடாக்காகப் பரப்பினால் மண்ணின் ஈரம் காக்கப்படும். ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் வீடுகளுக்கு இது பெரும் சிக்கனம். நீரைக் காலையிலேயே ஊற்றுவோம். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, உள்ளே ஈரமிருந்தால் அன்று ஊற்ற வேண்டியதில்லை. மாடியில் பைகளைத் தரையில் நேரடியாக வைக்காமல் செங்கல் மீது வைத்தால் தளத்தின் சூடு வேரைத் தாக்காது, வடிநீரும் தங்காது. மேற்கு வெயிலைத் தடுக்கப் பச்சை நிழல்வலையைச் சரிவாகக் கட்டலாம். ஆலங்கட்டியின் வேகத்தையும் அது ஓரளவு தணிக்கும்.

மழை விட்ட மறுநாள் தோட்டத்தைக் காண்பது கட்டாயம். தேங்கிய நீரை வடித்து, முறிந்த கிளைகளையும் மண் தொட்ட அடி இலைகளையும் நீக்கி, மேல்மண்ணை இலேசாகக் கிளறிவிட வேண்டும். வெள்ளை ஈ தென்பட்டால் மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டி, ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயுடன் சிறிது சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்கலாம். இலைச்சுருள் நச்சுயிரியைத் தக்காளிக்குப் பரப்புவது இந்த ஈயே.

நம் மண்ணின் சிறுபழங்கள்

குளிர்ச்சியை விரும்பும் ஸ்ட்ராபெரி உதகைக்கும் மகாபலேஷ்வருக்கும் உரியது. நம் சமவெளிக்கு மூன்று சிறுபழங்கள் உள்ளன. களாச் செடி வறட்சியைத் தாங்கும். முள் இருப்பதால் வேலியாகவும் நிற்கும். தெலுங்கில் வாக்காய என வழங்கும் அதன் காய் ஊறுகாய்க்கும் பருப்புக்கும் ஏற்றது. பட்டுப்புழு வளர்க்கும் பலமனேர்ப் பகுதியில் பழக்கமான மல்பெரி, பென்சில் பருமனுள்ள குச்சியிலிருந்தே வேர்விடும். ஒரு மழையில் பிஞ்சு உதிர்ந்தாலும், கிளையை வெட்டி நீரூற்றினால் புதுத் துளிரில் மீண்டும் காய்க்கும். மணத்தக்காளியோ ஒரு தொட்டியே போதும் எனும் எளிய செடி. கீரை, பழம், வற்றல் ஆகிய மூன்றும் தரும்.

தோட்டத்துக்கும் ஒரு கணக்கு

இந்திய வானிலைத் துறையின் முன்னறிவிப்பை விதைக்கும் முன் பார்ப்பது நல்ல வழக்கம். 2019-இல் அறிமுகமான மேகதூத் செயலி, மாவட்ட வாரியான வேளாண் அறிவுரைகளை வட்டார மொழிகளில் தருகிறது. அத்துடன் ஒரு குறிப்பேட்டில் விதைத்த நாள், மழை பெய்த நாள், முதல் பறிப்பு, செலவு ஆகியவற்றை எழுதி வருவோம். மாவட்டத்துக்கான முன்னறிவிப்பு நம் மாடியின் வெக்கையை அறியாது; எந்த மூலையில் எந்தச் செடி தாங்கியது என்பதை இரண்டு மூன்று ஆண்டுகளில் அக்குறிப்பேடே நமக்குச் சொல்லும்.