வளமான நாடு, வலிமையான படை

'புக்கோக்கு கியோஹெய்' என்பது ஜப்பானியத் தொடர். எழுதினால் நான்கே எழுத்துக்கள். நாட்டை வளமாக்கு, படையை வலுவாக்கு என்பது பொருள். பண்டைச் சீன அரசியல் நூல்களில் பிறந்த இத்தொடர், 1868-இல் மெய்ஜி ஆட்சி ஏற்பட்டபின் ஜப்பானிய அரசின் தாரக மந்திரமாயிற்று.

அதற்குக் காரணம் அச்சமே. 1853-இல் அமெரிக்கத் தளபதி பெர்ரி நான்கு போர்க்கப்பல்களுடன் வந்து, துறைமுகங்களைத் திறக்குமாறு வற்புறுத்தினார். பின்னர் ஏற்பட்ட உடன்படிக்கைகளால், தன் சுங்கவரியைத் தானே விதிக்கும் உரிமையையும் ஜப்பான் இழந்தது. அபினிப் போரில் சீனம் பட்ட பாடு அதன் கண்முன் நின்றது.

வளம் வேண்டும், சரி; பொருளைக் கொடுத்தவர் யார்? பெரும்பாலும் உழவரே. விளைச்சலில் ஒரு பங்கை நெல்லாக அளந்து வந்தவர்கள், 1873 முதல் நிலமதிப்பில் நூற்றுக்கு மூன்று வீதம் ரொக்கமாகச் செலுத்த வேண்டியதாயிற்று. மழை பொய்த்தாலும் வரி பொய்க்காது. கிளர்ச்சிகள் மூண்டபின், 1877-இல் அது இரண்டரையாகக் குறைந்தது.

அதே 1873-இல் கட்டாயப் படைச்சேவையும் வந்தது. இருபது வயது இளைஞன் மூன்றாண்டு பட்டாளத்தில் இருக்க வேண்டும். அதை அறிவித்த அரசாணை, பிரெஞ்சு வழக்கைப் பெயர்த்து, இச்சேவையை 'இரத்த வரி' என்று வருணித்தது. கிராமத்தார் சிலர், இளைஞரின் குருதியை உண்மையாகவே வடித்தெடுப்பார்கள் என நம்பிக் கலகத்தில் இறங்கினர். நாம் இதைக் கேட்டு நகைக்கலாம். ஆயினும் உழும் கையை மூன்றாண்டு இழக்கும் குடும்பத்துக்கு அச்சொல் வேறெப்படிப் பொருள்படும்? 270 யென் செலுத்த வல்லவருக்கோ தொடக்கத்தில் விலக்கு இருந்தது.

பட்டும் பெரும் துணையாயிற்று. 1872-இல் டொமியோக்காவில் பிரெஞ்சு இயந்திரங்களுடன் அரசே நூற்பாலை நிறுவியது. பின்னர் எழுந்த தனியார் ஆலைகளில் ஏழை உழவரின் பெண்மக்கள் விடியல் முதல் இரவு வரை நூலெடுத்தனர். அப்பட்டை விற்ற அந்நியச் செலாவணி இயந்திரங்களையும் கப்பல்களையும் வாங்க உதவியது. பருத்தி ஆலைகளுக்கு நம் நாட்டுப் பஞ்சு சென்றது. அதற்கெனவே 1893-இல் ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் ஒத்துழைப்புடன் பம்பாய்க்கும் ஜப்பானுக்கும் கப்பல் போக்குவரத்துத் தொடங்கியது.

1895-இல் தோற்ற சீனம் கொடுத்த போர் நஷ்டஈட்டில் பெரும்பகுதி படைக்கே போயிற்று. ஒரு பகுதி 1901-இல் உற்பத்தியைத் தொடங்கிய யாவாட்டா எஃகு ஆலைக்கு உதவியது. இவ்வாறு படை ஆலையை வளர்க்க, ஆலை படையை வளர்த்தது. 1905-இல் ருஷ்யாவை வென்றும் நஷ்டஈடு கிட்டாதபோது, வரிச்சுமையால் நொந்திருந்த டோக்கியோ மக்கள் கலகம் செய்தனர்.

இப்பாதை 1945-இல் தோல்வியில் முடிந்தது. 1947-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் ஒன்பதாம் விதி போரைத் துறந்தது. அவ்வாண்டுகளிலேயே, குத்தகைக்கு விடப்பட்டிருந்த நிலங்களில் பெரும்பகுதியை அரசு வாங்கி, உழுபவருக்கே விற்றது.